பீலிக்கரைத் தவளையின் குருதி

ஊவா மலைநாட்டின் சரித்திரத்தை எழுதப் புகும் எவரும், துரைமாரையும் கங்காணிமாரையும் புகையிரதப் பாதையையும் பற்றிச் சொல்வதற்கு முன்னதாக, ஓர் ஒட்டுண்ணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1869ஆம் ஆண்டிலே, பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடுல்சீமைப் பகுதியின் கோப்பித் தோட்டமொன்றில், இலைகளின் அடிப்புறத்தில் மஞ்சளைத் தூவினாற்போலச் செம்மஞ்சள் நிறமான பொடி படிந்திருப்பது முதன்முதலாகக் கண்ணிற் பட்டது. அது ஒரு பூஞ்சணம். அதே ஆண்டில் பெர்க்லி, புரூம் என்னும் இரு ஆங்கில அறிஞர் அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டனர். பெயரின் பிற்பாதிக்குப் பாழாக்குவது என்று பொருள். 1880 முதல் 1882 வரை மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியலாளர் இலங்கையிலே தங்கி அதன் வாழ்க்கைமுறையை ஆராய்ந்துகொண்டிருந்த காலத்திலேயே கோப்பியின் காலம் முடிந்துகொண்டிருந்தது. கோப்பி போயிற்று, தேயிலை வந்தது. பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்த மக்கள், ஆண்டு முழுதும் கொழுந்தெடுக்கும் பொருட்டு லயங்களிலே நிலைபெற்றனர். ஓர் ஒட்டுண்ணி ஒரு சமுதாயத்தின் தலைவிதியையே மாற்றியது.

பாழாக்குவதே ஒட்டுண்ணியின் தருமம் என்னும் எண்ணம் நம்முள் ஊறிப்போனதற்கு இத்தகைய அனுபவங்களே காரணம். கோப்பியைத் தின்ற பூஞ்சணமும், ஊவாவின் தாழ்நிலக் கிராமங்களைத் தலைமுறை தலைமுறையாக வாட்டி, 2016ஆம் ஆண்டிலே இத்தீவினின்றும் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்ட மலேரியாவும், தம்மைத் தாங்கும் உயிரை மாய்ப்பதிலேயே முனைந்தவை போலத் தோற்றினமையால், ஓருயிருக்குள் இன்னோருயிர் குடியிருத்தல் என்பது நோய் என்னும் சொல்லோடு பிரிக்கவொண்ணாதபடி நம் மனத்திலே பிணைந்துவிட்டது. ஆயினும் லயத்துக்குப் பின்னால் பீலித் தண்ணீர் விழுந்து தேங்கும் குழியருகே உட்கார்ந்திருக்கும் ஒரு தவளையின் குருதியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்ப்பவனுக்குக் கிடைக்கக்கூடிய காட்சி அப்பிணைப்பைத் தளர்த்திவிட வல்லது. அங்கே வாழும் சூட்சும ஜந்துக்களிற் பெரும்பாலானவை, எண்ணவும் இயலாத நெடுங்காலமாகத் தவளைகளோடு கூடவே வந்தவை. வீட்டை இடித்தால் தாமும் தெருவில் நிற்க வேண்டும் என்பதைப் பரிணாமத்தின் கண்டிப்பான பள்ளியிலே கற்றுக்கொண்டவை.

ஆடி ஆவணி மாதங்களில் ஊவாவின் மலைச்சரிவுகளில் வீசி, கொழுந்துக்கு உலகப் பிரசித்தி பெற்ற அந்த மணத்தைத் தரும் கச்சான் காற்று, தவளைகளுக்கு ஒடுங்கியிருக்கும் பருவத்தைக் கொண்டுவருகிறது. ஐப்பசியில் முதல் மழை விழுந்து, நமுனுகுல மலையின் முகில் கீழிறங்கி, கான்களிலே செந்நீர் ஓடத் தொடங்கியதும் எல்லாம் மாறிவிடும். லயத்து வாசல் விளக்கடியில் ஈசல் பொறுக்க வரும் தேரையும், தேங்கிய நீரின் மேற்பரப்பிலே கல்லெறிந்தாற்போலத் தத்தித் தத்தி ஓடும் நீர்த்தவளையும், தொட்டி ஓரத்து மரக்கிளையில் நுரைக்கூடு கட்டி அதிலே முட்டையிடும் மரத்தவளையும், தேயிலைத் தூர்களின் இடுக்கிலிருந்து விரலைச் சொடுக்கும் ஓசை போலக் குரல் கொடுக்கும் சின்னஞ்சிறு செடித்தவளையும் ஒரே இரவிலே கச்சேரிக்கு வந்துவிடுகின்றன. அந்த இசையைக் கேட்டபடி உறங்கிய எவரும், பாடுபவர் ஒவ்வொருவருடைய நாளத்துள்ளும் வேறொரு கூட்டம் நீந்திக்கொண்டிருக்கக்கூடும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

தவளையின் குருதியைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. நம்முடைய செங்கலம் வட்டமானது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் அவற்றில் ஏழெட்டுப் பங்கே அதன் விட்டம். அதனுள்ளே கரு இல்லை. தவளையின் செங்கலமோ முட்டை வடிவினது. நீளத்தில் நம்முடையதைப் போல ஏறத்தாழ மும்மடங்கு. நடுவிலே கருவொன்று திடமாக அமர்ந்திருக்கும். இவ்வளவு விசாலமான கலங்களை உடையதாகையால்தான், மனிதன் நுணுக்குக்காட்டியைக் கையிலெடுத்த நாள் தொட்டுத் தவளை அவனுடைய ஆசானாக இருந்து வந்திருக்கிறது. 1658ஆம் ஆண்டிலே ஒல்லாந்தரான ஸ்வாமர்டாம் செங்குருதிக் கலங்களைக் கண்டது தவளையின் குருதியிலேதான். நாடிக்கும் நாளத்துக்கும் இடையே பாலமிடும் மயிர்த்துளைக் குழாய்களை 1661ஆம் ஆண்டிலே இத்தாலியரான மல்பீகி கண்டது தவளையின் நுரையீரலிலேதான். மல்பீகி என்னும் இந்தப் பெயரை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். எதிர்பாராத ஓரிடத்தில் அவர் திரும்பவும் நம்மைச் சந்திப்பார்.

காட்டுத் தவளையொன்றின் குருதியில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டிலே மெல்லிய படலமாக இழுத்து, உலரவிட்டு, மெத்தனோலில் தோய்த்துப் பதப்படுத்தி, கீம்சா சாயத்தை ஊற்றி, ஆயிரம் மடங்கு பெருப்பித்துப் பார்ப்பதே ஆய்வாளர் கைக்கொள்ளும் முறை. நோயாளியின் விரல் நுனியில் குருதி எடுத்து மலேரியாப் பரிசோதனை செய்யும் முறையும் இதுவே. சாயம் ஊறிய படலத்திலே செங்கலங்கள் இளஞ்சிவப்பாகவும் அவற்றின் கருக்கள் ஊதா நிறமாகவும் வரிசை வரிசையாகத் தோன்றும். அவற்றுக்கு வெளியே, குருதி நீரில், கலத்தைப் போல இரு மடங்கோ மும்மடங்கோ நீளமுடையதாய், அகன்ற இலையொன்று நெளிந்து சுருண்டாற்போன்ற ஓர் உருவம் எப்போதாவது எதிர்ப்படும். அதன் ஒரு பக்கமெங்கும் பாவாடைக் கரைபோல மெல்லிய சவ்வு. சவ்வின் விளிம்பு முன்னே நீண்டு சாட்டையாக முடியும். சாயமிடாத புதுக் குருதியிலே அதைப் பார்க்க வாய்த்தால், சவ்வு அலையலையாக அடிக்க, அந்தச் சிறு பிராணி கலங்களைத் தள்ளிக்கொண்டு சுழலும் காட்சி கண்ணை விட்டகலாது. இதுதான் திரிபனோசோமா.

இதற்கு அப்பெயரைச் சூட்டியவர் ஹங்கேரியிலே பிறந்து பாரிஸ் நகரில் வைத்தியராக விளங்கிய டேவிட் குரூபி. 1843ஆம் ஆண்டிலே தவளையின் குருதியில் இதைக் கண்ட அவர், இது முன்னேறும்போது திருகித் திருகிச் செல்வதை நோக்கி, தச்சனுடைய தமரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் உடலைக் குறிக்கும் சொல்லையும் இணைத்துப் பெயர் வைத்தார். அக்காலத்திலே இது ஒரு விநோதமாகவே கருதப்பட்டது. ஏனெனில் மனிதனுடைய மலேரியாக் கிருமியை லவெரான் என்பவர் அல்ஜீரியாவிலே காண்பதற்கு இன்னும் 37 ஆண்டுகள் இருந்தன. குருதிக்குள்ளே உயிர்கள் வாழ்ந்து நோயை விளைவிக்கும் என்பதை வைத்திய உலகம் கற்பனையும் செய்திராத காலம் அது. பின்னர் 1878இல் கல்கத்தாவில் திமொதி லூயிஸ் எலியின் குருதியிலும், 1880இல் பஞ்சாப் எல்லைப்புறத்திலே கிரிஃபித் எவான்ஸ் 'சுர்ரா' என்னும் நோயால் மடிந்துகொண்டிருந்த குதிரை ஒட்டகங்களின் குருதியிலும் இதன் உறவுகளைக் கண்டார்கள். புதிய நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆபிரிக்க மனிதனின் குருதியிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது. அப்போதுதான் குரூபியின் தவளை தீர்க்கதரிசனம் சொல்லியிருந்ததை மருத்துவர்கள் உணர்ந்தார்கள்.

இக்கதை இலங்கைக்கு வந்து சேரும் வழி எனக்கு எப்போதும் உவகை தருவது. 1902ஆம் ஆண்டின் இறுதியிலே உகண்டாவின் என்டெபேயில், தூக்க நோயால் மரணத்தை நெருங்கிக்கொண்டிருந்தவர்களின் முள்ளந்தண்டு நீரில் திரிபனோசோமாவைக் கண்டவர் அல்டோ கஸ்டெல்லானி என்னும் இளம் இத்தாலிய வைத்தியர். அடுத்த ஆண்டே அவர் கொழும்புக்கு வந்து, பக்டீரியவியல் நிலையத்தின் பொறுப்பை ஏற்று, 1915 வரை இங்கே பணியாற்றினார். நம் நாட்டார் பறங்கி நோய் என்று அழைத்த கொடிய தோல் வியாதிக்குக் காரணமான சுருளுயிரை 1905இல் கண்டறிந்தவரும் அவரே. அவ்வேளையில் கொழும்பு அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்தவர் ஆர்தர் வில்லி. நோட்டிலசு என்னும் கடற்பிராணியைத் தேடித் தென்கடல்களிலே அலைந்து பெயர் பெற்ற விலங்கியலாளர். ஸ்போலியா ஸெய்லானிக்கா என்னும் ஆராய்ச்சி இதழை 1903இல் தொடங்கி வைத்தவர். வைத்தியரும் விலங்கியலாளரும் கூடினார்கள். மனிதனுக்கு நோய் தரும் கிருமியைத் தேடிப் பழகிய கண்ணும், பல்லிக்கும் பாம்புக்கும் ஆமைக்கும் தவளைக்கும் இனம்பிரித்துப் பெயர் சொல்லத் தெரிந்த கண்ணும் ஒரே நுணுக்குக்காட்டியிலே குனிந்தன. அதன் பலனாக, இலங்கையின் முள்ளந்தண்டு விலங்குகளுடைய குருதி ஒட்டுண்ணிகளைப் பற்றிய அவர்களின் கட்டுரை 1904ஆம் ஆண்டிலே அவ்விதழில் வெளியாயிற்று. அடுத்த ஆண்டிலே இங்கிலாந்தின் இதழொன்றில் இன்னொன்று வெளியாயிற்று.

அவர்கள் விவரித்தவற்றுள் ஒன்று தவளைக்கு உரியது. இந்தியத் தவளைகளின் செங்கலங்களுக்குள்ளே புழுவைப்போல மடிந்து கிடக்கும் ஓர் ஒட்டுண்ணியை ருஷ்யரான பெரெஸ்ட்னெஃப் 1903இல் எழுதியிருந்தார். அக்காலத்தார் ரானா டிக்ரினா என்றழைத்த பெரிய வயல் தவளையின் குருதியிலே அதைத் தாமும் ஆராய்ந்து, அவருடைய பெயராலேயே ஹீமோகிரெகரினா பெரெஸ்ட்னெஃபி என 1905இல் பெயரிட்டார்கள். அந்த வயல் தவளைக்கு இப்போது வேறு பெயர். இத்தீவில் வாழ்வது ஹாப்லோபத்ராக்கஸ் கிராசஸ் என இன்றைய நூல்கள் கூறும். ஒட்டுண்ணியின் குலப்பெயரும் மாறிவிட்டது. தவளைகளிலே காணப்படும் இவ்வகையின் பெரும்பகுதியை இன்று ஹெப்பட்டோசூன் என்னும் குலத்தில் வைப்பர். ஈரலின் பிராணி என்பது அச்சொல்லின் பொருள். காரணம் பின்னே விளங்கும்.

கஸ்டெல்லானி, வில்லி ஆகியோருக்குப் பின் 1907ஆம் ஆண்டளவில் முரியல் ராபர்ட்சன் என்னும் ஸ்கொட்லாந்துப் பெண்மணி இங்கே வந்தார். ஆராய்ச்சிசாலைகளின் கதவு பெண்களுக்கு அரைகுறையாகவே திறந்திருந்த அக்காலத்தில், இருபத்தைந்து வயதும் நிரம்பாத அவர், மென்னோட்டு ஆமையின் குருதியில் வாழும் திரிபனோசோமா அட்டையின் வயிற்றுக்குட் சென்று எவ்வாறு உருமாறுகிறது என்பதைப் படிப்படியாகத் தொடர்ந்து சென்று 1909இல் வெளியிட்டார். மறு ஆண்டிலே, குளத்து ஆமையின் செங்கல ஒட்டுண்ணியும் ஓர் அட்டையின் மூலமே பரவுகின்றது எனக் காட்டினார். பின்னாளிலே உகண்டாவுக்குச் சென்று, மனிதனைத் தாக்கும் திரிபனோசோமா 'செட்ஸி' ஈயினுள் வளரும் விதத்தை அவர் துலக்கியபோது, இலங்கையின் ஆமையும் அட்டையும் கொடுத்த பயிற்சியே அவருக்குக் கைகொடுத்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இனி அந்த ஹெப்பட்டோசூனின் வாழ்க்கையைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இயற்கையின் சூழ்ச்சித் திறத்துக்கு இதைக் காட்டிலும் அழகிய உதாரணம் எனக்குத் தெரியாது. தவளையின் செங்கலத்துக்குள்ளே இது வாழைக்காய் வடிவிலே, அல்லது நுனி மடிந்த விரல் வடிவிலே, கலத்தின் கருவை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் படுத்திருக்கும். அந்நிலையில் அது உண்டு வளர்வதுமில்லை, பிளந்து பெருகுவதுமில்லை, காத்திருக்கிறது. கலம் நாளங்களின் வழியே சுற்றிச் சுற்றி வர, பயணியைப் போல அதுவும் சுற்றி வருகிறது. ஓரிரவில், தவளையின் முதுகிலோ மூக்கோரத்திலோ ஒரு நுளம்பு அமர்ந்து குருதியைக் குடிக்கிறது. மனிதக் குருதியை நாடும் நுளம்புகளே நமக்குப் பரிச்சயமாகையால், எல்லா நுளம்பும் நம்மைத் தேடியே வருவதாக நாம் நினைத்துவிடுகிறோம். உண்மையிலே தவளைகளையே நாடும் நுளம்பினங்களும் உள்ளன. வட அமெரிக்காவின் கியூலெக்ஸ் டெரிடான்ஸ் அத்தகையது.

கனடாவின் அல்கொன்குயின் காட்டிலே அந்நுளம்பையும் தவளையையும் வைத்து டெஸ்ஸர் என்னும் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் நெடுங்காலம் ஆராய்ந்து கண்டது இது. நுளம்பின் வயிற்றிலே செங்கலம் கரைந்து ஒட்டுண்ணி விடுதலை பெறுகிறது. குடற்சுவரைக் கடந்து, பூச்சியின் சிறுநீர்க் குழாய்களைச் சென்றடைகிறது. அங்கே ஆணும் பெண்ணுமாகக் கூடி, ஒரு பையாகத் திரண்டு, அதனுள்ளே நூற்றுக்கணக்கான குஞ்சு வித்துக்களை விளைவிக்கிறது. பூச்சிகளின் அக்குழாய்களுக்கு மல்பீகியின் குழாய்கள் என்று பெயர். பட்டுப்புழுவை அறுத்து அவற்றை முதலில் விவரித்தவர், தவளையின் நுரையீரலிலே மயிர்த்துளைக் குழாய்களைக் கண்ட அதே மல்பீகிதான். தவளைக் குருதியின் ஓட்டத்தை நமக்குக் காட்டித் தந்தவருடைய பெயரைத் தாங்கிய குழாயிலேயே தவளைக் குருதியின் ஒட்டுண்ணி மணம் புரிந்து கொள்கிறது என்பதை நான் முதன்முதலாகப் படித்தபோது, புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன்.

மலேரியாவின் கதையைக் கற்றவர், அடுத்ததாக அந்நுளம்பு இன்னொரு தவளையைக் கடித்து ஒட்டுண்ணியை ஏற்றும் என்று எதிர்பார்ப்பார். அவ்வாறு நிகழ்வதில்லை. வித்துக்கள் நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பியை நாடிச் செல்வதேயில்லை, பையிலேயே கிடக்கின்றன. தவளை என்ன செய்யும் பிராணி? பறக்கும் சிறு பூச்சியை நாவை நீட்டிப் பிடித்து விழுங்கும் பிராணி. குருதி குடித்துக் கனத்து மெதுவாகப் பறக்கும் நுளம்பையும் விழுங்குகிறது. விழுங்கிய நுளம்பு வயிற்றிலே கரையும்போது வித்துக்கள் வெளிப்பட்டு, குடலைத் துளைத்து, ஈரலுக்குச் சென்று, அங்கே பெருகி, மீண்டும் செங்கலங்களுக்குட் புகுகின்றன. ஈரலின் பிராணி என்னும் பெயர் இவ்வாறு பொருந்துகிறது. தன்னைக் கடித்தவனைத் தண்டிப்பது போலத் தவளை நாவை நீட்டும் அந்தக் கணத்திலேயே ஒட்டுண்ணியின் காரியம் நிறைவேறிவிடுகிறது. பகையையே பாலமாக்கிக் கொண்ட இந்த யுக்தியை எந்த அறிவும் திட்டமிடவில்லை. கோடானுகோடி இரவுகளிலே தவறிப்போனவை அழிந்து, தவறாதவை எஞ்சியதன் விளைவு இது.

சங்கிலி அங்கேயும் முடிந்துவிடுவதில்லை. கஸ்டெல்லானியும் வில்லியும் 1904இல் விவரித்த இன்னொரு செங்கல ஒட்டுண்ணி, வயற்கரையிலும் ஓடையோரத்திலும் நாம் காணும் தண்ணீர்ப் பாம்பினுடையது. அதற்கு அவர்கள் வைத்த மிராபிலிஸ் என்னும் பெயருக்கு ஆச்சரியமானது என்று பொருள். அந்தப் பாம்பின் பிரதான உணவுகளில் ஒன்று தவளை. அமெரிக்கக் கண்டத்துத் தண்ணீர்ப் பாம்பொன்றின் ஹெப்பட்டோசூனைப் பற்றி 1994இல் வெளிவந்த ஆராய்ச்சி, நுளம்பினுள் விளைந்த வித்தைத் தவளை விழுங்க, அது தவளையின் உடலிலே பொதிந்து காத்திருக்க, தவளையைப் பாம்பு விழுங்கும்போது பாம்பின் குருதியைச் சென்றடைகிறது என்பதை நிரூபித்தது. பதுளு ஓயாவின் கரையிலே ஒரு தண்ணீர்ப் பாம்பு தவளையைக் கவ்வுவதைக் காணும் நாம், பசியையும் மரணத்தையும் மட்டுமே காண்கிறோம். அங்கே குருதி ஒட்டுண்ணியொன்று வீடு மாறிக்கொண்டும் இருக்கலாம்.

நுளம்பைச் சொன்னோம், அட்டையைச் சொல்லாமல் தோட்டப்புறத்துக் கட்டுரை பூர்த்தியாகாது. நீரிலே வாழும் தவளைகளின் திரிபனோசோமாக்களைப் பெரும்பாலும் சுமந்து செல்பவை நீரட்டைகளே. லங்கெஸ்டர் என்னும் ஆங்கில விலங்கியலாளரின் பெயரைத் தாங்கிய லங்கெஸ்டெரெல்லா என்னும் செங்கல ஒட்டுண்ணியையும் அட்டையே தவளையினின்று தவளைக்குக் கொண்டு செல்கிறது. வாற்பேத்தைப் பருவத்திலிருந்தே தவளையை அட்டை தொடர்கின்றதாகையால், கால் முளைத்துக் கரையேறும் குட்டித் தவளை தன் குருதியிலே குடியேறியவர்களுடனேயே உலகத்துக்குள் அடியெடுத்து வைப்பதுண்டு.

ஆனால் மலைநாட்டாருக்கு அட்டை என்றால் நீரட்டை அல்ல. மழைக்காலத்திலே காட்டுத் தொங்கலை ஒட்டிய மலைகளுக்குக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள், காலிலே சவர்க்காரத்தையும் உப்பையும் பூசிக்கொண்டு போவது எதற்காக என்பதை இங்கே எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. புல் நுனியிலே பின்னொட்டைப் பதித்து, உடலை நிமிர்த்தி, மூச்சின் வெப்பத்தையும் நிலத்தின் அதிர்வையும் உணர்ந்து தலையை இங்குமங்கும் ஆட்டும் அந்தத் தரையட்டைக்கு ஹீமடிப்ஸா ஸெய்லானிக்கா என்று பெயர். இலங்கையின் பெயரையே தாங்கிய ஜந்து. தரையட்டைகளின் குடும்பம் இந்த ஒட்டுண்ணிகளைச் சுமக்கக்கூடியதா என்னும் வினாவுக்கு விடை அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது: அங்குள்ள தரையட்டைகளின் உடலிலும் காட்டு விலங்குகளின் குருதியிலும் ஒரே கிளையைச் சேர்ந்த திரிபனோசோமாக்கள் இருப்பதை 2005இல் மரபணு ஆராய்ச்சி காட்டியது. இதைக் கேட்டு மனிதர் அஞ்சவேண்டியதில்லை. தவளையின் திரிபனோசோமா மனிதக் குருதியிலே நிலைபெறும் ஜாதியல்ல. கொழுந்தெடுப்பவளின் காலிலே வடியும் குருதி வேறொரு துன்பம். அதற்குரிய பரிகாரம் நல்ல காலுறையும், அதை வாங்கக்கூடிய கூலியும்.

தவளைக்குத் தன் குரலே வினையாவதும் உண்டு. கொரித்ரெல்லா என்றொரு மிகச்சிறு ஈ வெப்பமண்டலங்களெங்கும் வாழ்கிறது. நுளம்பு நம்முடைய மூச்சையும் உடல் மணத்தையும் தேடி வருவது போலன்றி, இது ஓசையைத் தேடி வருகிறது. பெண் தவளையை அழைக்க ஆண் தவளை பாடும் பாட்டு, அதன் குருதியைக் குடிக்க வரும் இந்த ஈக்கும் வழிகாட்டுகிறது. தவளைப் பாட்டை ஒலிபரப்பிய பொறிகளிலே இவ்வீக்கள் வந்து விழுவதை 1970களிலேயே அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். 1993இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, இவற்றுள் ஓரினம் மரத்தவளைகளுக்குத் திரிபனோசோமாவை ஏற்றுகிறது எனவும் காட்டியது. பாடாதவனுக்குச் சந்ததியில்லை; பாடுபவனுக்குக் கடி தப்பாது. ஐப்பசி இரவிலே நாம் கேட்கும் அந்தப் பெருங்கச்சேரியின் ஒவ்வொரு குரலும் இவ்விரண்டுக்கும் இடையே நின்றுதான் எழுகிறது.

நுணுக்குக்காட்டி ஏமாற்றுவதும் உண்டு. தவளைச் செங்கலங்களிலே காணப்பட்ட ஒருவகைப் படிகத்தையும் புள்ளியையும் ஒட்டுண்ணி எனக் கொண்டு தொட்டியா எனப் பெயரிட்டிருந்தார்கள்; பல பத்தாண்டுகளுக்குப் பின் இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்தபோது அது ஒரு வைரசின் வேலை எனத் தெரிந்தது.

இந்தக் குருதி ஒட்டுண்ணிகளெல்லாம் தவளைக்குத் தீங்கு செய்கின்றனவா என்னும் கேள்விக்கு, காட்டிலே பெரும்பாலும் இல்லை என்பதே விடை. திரிபனோசோமாவைச் சுமக்கும் தவளை இரை பிடிக்கிறது, பாடுகிறது, முட்டையிடுகிறது. ஒட்டுண்ணியும் அளவோடிருக்கிறது, அமெரிக்கத் தவளையொன்றிலே அதன் எண்ணிக்கை 24 மணி நேரச் சுழற்சியில் ஏறி இறங்குவதையும் 1968இல் கண்டிருக்கிறார்கள். ஆயினும் எல்லா ஒட்டுண்ணியும் ஒரே சுபாவமுடையன அல்ல. பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஜகருணாவும் அவருடைய குழுவினரும், தட்டைப்புழுவொன்றின் குடம்பிகள் மரத்தவளையின் வாற்பேத்தைகளைத் துளைக்கும்போது, முதுகு வளைந்தும் கால் குறைந்தும் உள்ள தவளைகள் உருவாவதை 2008இல் வெளியிட்டனர். வயல்களில் தெளிக்கும் பூச்சிகொல்லி, களைகொல்லிகளும் அதே தவளையின் வாற்பேத்தைகளைச் சிதைக்கின்றன என்பதை அதே குழு சோதித்துக் காட்டியது. சோதிக்கப்பட்ட களைகொல்லிகளில் ஒன்று கிளைபோசேட்டு. தோட்டங்களில் நெடுங்காலம் தெளிக்கப்பட்டு, 2015இல் தடைசெய்யப்பட்டு, தேயிலைக்கும் இறப்பருக்கும் 2018இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது அது. மண்வெட்டியும் சுரண்டியும் கொண்டு புல் வெட்டிய மலையில் மருந்துத் தாங்கி முதுகிலேறியபோது, கானிலே வடிந்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்க அங்கே தவளைக்கு வாயில்லை. நெடுநாட் பழக்கத்தால் அமைந்த சமநிலைக்குள்ளே, பழக்கமேயில்லாத ஒன்று நுழைவதுதான் ஆபத்து. மடுல்சீமையில் நடந்ததும் இதுவே: பூஞ்சணம் தன் இயல்பிலே நடந்துகொண்டது, மலைமலையாக ஒரே பயிரை நட்டுக் கொடுத்தவர்கள் மனிதர்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் என் மனத்தை விட்டகலாதவை அந்தச் செடித்தவளைகளே. சூடோஃபிலோட்டஸ் என்னும் இக்குலத்தின் அரும்பெரும் செழிப்பை மீகஸ்கும்புர முதலான ஆய்வாளர் 2002ஆம் ஆண்டிலே சயன்ஸ் இதழில் அறிவித்தபோது உலகம் வியந்தது. இச்சிறு தீவிலே எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் இன்று அறியப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஏறத்தாழப் பதினேழு, காடு கோப்பியாகவும் தேயிலையாகவும் மாறிய காலத்திலே அழிந்துபோயின என்று கருதப்படுகிறது. அருங்காட்சியகச் சாடிகளிலே வெளிறிப்போய்க் கிடக்கும் அவ்வினங்களோடு, அவற்றின் குருதியில் வாழ்ந்தவையும், பெயரும் பெறாமலே போயிருக்கும்.

எஞ்சியவற்றின் வாழ்க்கை விசித்திரமானது. இவற்றுக்கு வாற்பேத்தைப் பருவம் இல்லை. ஈரமண்ணிலோ இலையின் அடியிலோ இடப்பட்ட முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முழுதும் நடந்து, நகத்தளவும் இல்லாத பூரணத் தவளையாக வெளிவருகிறது. குளத்தை அறியாத தவளை. ஆகவே நீரட்டையையும் அறியாதது. ஏனைய தவளைகளுக்கு ஒட்டுண்ணி நுழையும் பெருவாசல் இதற்குப் பிறப்பிலேயே அடைபட்டிருக்கிறது. எஞ்சுபவை வானத்திலிருந்து வரும் வாசலும் தரையிலிருந்து வரும் வாசலுமே: பாட்டைக் கேட்டு வரும் ஈயும் நாவுக்கு எட்டும் நுளம்பும் ஒன்று, ஈரப் புல்லிலே நிமிர்ந்து நிற்கும் அட்டை மற்றொன்று.

மழை விட்ட முன்னிரவிலே, அப்புத்தளைச் சரிவிலே கவ்வாத்து வெட்டிய மலையொன்றின் ஓரத்தில், கான் கரைப் புல்லருகே கைவிளக்கைத் தாழ்த்திப் பிடித்தால், தேயிலைத் தூரின் மேலே அச்செடித்தவளை தொண்டைப் பையை உப்பவைத்துத் தன் ஒற்றைச் சொடுக்கை ஒலிப்பதையும், அதற்கு ஒரு முழத்துக்குக் கீழே அட்டையொன்று தலையை உயர்த்தி அத்திசையை நோக்கித் துழாவுவதையும் காணலாம்.